ஆர்ஏசியில் ராமேஸ்வரம்

வியாழன், சென்னை – தாம்பரம்

ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்தபோது ஆர்ஏசிதான் கிடைத்தது, அதாவது ஒரு படுக்கையை இரண்டு பேர் பங்கிட்டு உட்கார்ந்து போகிற டிக்கெட். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்த பிறகும் தென்மாவட்ட ரயில்களில் இந்த நெருக்கடி குறையவில்லை. இருந்தாலும் அந்தக் குறைப்பை நான் ஆதரிக்கிறேன். நாலு மாதம் கழித்து எந்த ஊரில் இருப்போம் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்? முன்கூட்டியே எடுத்து வைத்து, கடைசியில் ரத்து செய்வதுதான் நடந்துகொண்டிருந்தது.

அவசரப் பயணத்துக்கான தட்கல் டிக்கெட்டையும் மாற்றியிருக்கிறார்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் முன்பதிவு திறப்பது பழையபடிதான். ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் ஆன்லைனில் எடுக்க முடியும். திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு இடமில்லை. நியாயமான விதிதான். ஆனால் ஆதார் எடுத்த காலத்தில் கொடுத்த செல்போன் எண் இப்போது கையில் இல்லாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஓடிபி யாருக்கோ போகும், அல்லது எங்குமே போகாது. எண்ணை மாற்றப் பலரும் ஆதார் மைய வரிசையில்தான் நிற்கிறார்கள். அவசரத்துக்கு என்று வைத்த டிக்கெட்டுக்கு, அவசரமே இல்லாத காலத்தில் தயாராகி இருக்க வேண்டும் என்றால் எப்படி?

2002ல் ரயில் டிக்கெட் ஆன்லைனுக்கு வந்தபோது, பணம் கட்டிய பிறகு அச்சடித்த டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். கூரியர்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். இன்றைய வேகத்தை நினைத்தால் அது வேறு யுகம்.

மதியம் மெட்ரோவில் கிண்டி வரை வந்து, அங்கிருந்து புறநகர் ரயிலில் தாம்பரம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு செயலி, ஒரு கார்டு, ஒரு வரிசை என்று இத்தனை நாள் அலைந்தோம். ஒரே ஊருக்குள் போகிற பயணம் ஒரே பயணம்தான் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தாம்பரத்தில் வண்டி சரியான நேரத்துக்கே கிளம்பியது. இந்த ரயிலே புதுசு. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தைத் திறந்த அன்று தொடங்கியது. விழுப்புரம், திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போகிறது.

பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் பாதி எனக்கு, பாதி காரைக்குடி போகிற ஒரு ஆச்சிக்கு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு பை, காலடியில் இரண்டு பை. டிக்கெட் போட்டது பெங்களூரில் இருக்கிற மகன். அதனால் ரயில்வே அனுப்புகிற குறுஞ்செய்திகள் எல்லாம் மகனின் போனுக்குப் போகின்றன. ஆச்சி கையில் இருந்தது பட்டன் போன்.

செங்கல்பட்டு தாண்டியதும் டிடிஆர் வந்தார். கையில் டேப் மாதிரி ஒரு கருவி. முன்பெல்லாம் நீளமான காகித சார்ட்டை மடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பின்னாலேயே ஐந்தாறு பேர் "சார், ஒரு பெர்த்" என்று தொடர்வார்கள். யாருக்குக் கிடைத்தது, ஏன் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது வராதவர்களின் படுக்கையை அவர் கருவியில் குறித்ததும், அது வரிசைப்படி அடுத்த ஆர்ஏசி பயணிக்குப் போய்விடுகிறது. இடையில் யாரும் புகுந்து கேட்க முடியாது.

அப்படித்தான் ஆச்சிக்கு ஒரு படுக்கை விழுந்திருந்தது. ஆனால் அது அடுத்த பெட்டியில், மேல் படுக்கை. செய்தி பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆச்சிக்கு ஒன்றும் தெரியாது.

டிடிஆர் திரையைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், ஆச்சிக்கு எஸ்-5ல அப்பர் வந்திருக்கு. ஏற முடியாது. நீங்க அதுல போய்ப் படுத்துக்கிறீங்களா? ஆச்சி இங்கயே முழுசாப் படுத்துக்கட்டும்."

"தாராளமா சார்."

"தம்பி, காரைக்குடிக்கு எத்தன மணிக்குப் போவும்?" என்றார் ஆச்சி.

"நடுராத்திரிக்கு மேல ஆகும் ஆச்சி. நான் எழுப்பி விடுறேன், நிம்மதியாத் தூங்குங்க."

வரிசையைக் கருவி பார்த்துக்கொண்டது, வயதை அவர் பார்த்தார். இதற்கு முன் இந்தக் கருவியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஏதும் கிடையாது. இப்போது இருக்கிறது. பயணியின் கையில் போனைக் கொடுத்து "எல்லாம் நீயே பார்த்துக்கொள்" என்பதைவிட, ஊழியரின் கையில் நல்ல கருவியையும் கொஞ்சம் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

வெள்ளி, பாம்பன் – தனுஷ்கோடி

அதிகாலையில் மண்டபம் தாண்டியதும் பெட்டியே எழுந்துவிட்டது. ஆளுக்கு ஒரு ஜன்னல், கதவருகே கூட்டம். பாலத்தில் வண்டி மெதுவாகப் போகிறது, கீழே இரண்டு பக்கமும் கடல்.

பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழும்பும். ஆட்கள் நின்று பல்சக்கரங்களைக் கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். உப்புக் காற்று நூறு வருஷத்துக்கு மேல் அரித்ததில், 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் விடுவதை நிறுத்தினார்கள். புதுப் பாலம் வரும்வரை தீவுக்குள் ரயிலே இல்லை. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. எல்லாம் மின்மோட்டார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பாலத்துக்கான சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும். இங்கே மனிதர் தலையிடக் கூடாது. "இன்னும் ஒரு வண்டி போயிடட்டும்" என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாதபடி இருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அந்த இரவை வாசித்தவர் யாரும் இந்தத் தானியங்கிச் சிக்னலைக் குறை சொல்ல மாட்டார்கள். நேற்று ஆச்சி விஷயத்தில் ஒரு மனிதர் முடிவெடுத்ததைப் பாராட்டினேன், இங்கே கருவி முடிவெடுப்பதைப் பாராட்டுகிறேன். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. உயிர் போகிற இடத்தில் விதி வளையக் கூடாது, படுக்கையில் வளையலாம்.

தனுஷ்கோடிக்குப் பஸ்ஸில் போனேன். ஜீப்புகளும் வேன்களும் ஆளுக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் கூப்பிடுகின்றன. பஸ்ஸில் பேரம் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. இடிந்த சர்ச், ரயில் நிலையத்தின் மிச்சம், மணல். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது, நிழலுக்கு ஒதுங்க இடமே இல்லை.

அந்த ரயில் நிலையத்தின் எதிரில் நின்றபோது சென்னை ஒன் ஞாபகம் வந்தது. 1914லேயே எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, ரயிலில் தனுஷ்கோடி வந்து, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கியிருக்கிறார்கள். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒரு ரயில், ஒரு கப்பல், மறுபடி ஒரு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது முடிந்திருக்கிறது என்றால், சம்பந்தப்பட்டவர்கள் கணக்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். நமக்கு இன்று தடையாக இருப்பதும் தொழில்நுட்பம் இல்லை, அந்தச் சம்மதம் இல்லாததுதான். சென்னைக்குள் அது கிடைத்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் ரயிலை விட்டு இறங்கித் தனுஷ்கோடி போகிறவருக்கும் அது வேண்டும்.

சனி, ராமேஸ்வரம் – மதுரை

மதுரைக்குப் பாசஞ்சர் வண்டி. முன்பதிவு கிடையாது. ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் நீண்ட வரிசை, பக்கத்தில் தானியங்கி டிக்கெட் இயந்திரங்கள். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களை இப்படி உதவியாளராக வைக்கிறார்கள். தன்னுடைய கார்டை வைத்து, திரையில் ஊரைத் தொட்டு, எத்தனை ஆள் என்று தொட்டு, டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்கிறார். சில நொடிதான். அவர் முன்னால் கூட்டம். ஆள் இல்லாத அடுத்த இயந்திரம் சும்மா நின்றது.

இதை நான் பல ஸ்டேஷன்களில் பார்த்திருக்கிறேன். படித்தவர், போனில் எல்லாம் செய்யத் தெரிந்தவர்கூட அந்த ஸ்டூல்காரரிடம்தான் போகிறார். வண்டி வருகிற நேரத்தில் திரையில் தப்பாக எதையாவது தொட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க யாருக்கும் மனசு வராது. இயந்திரம் வாங்குகிற நிர்வாகங்கள் ஸ்டூலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மானாமதுரைக்கு முன்னால் கிராசிங்குக்காக வண்டி நின்றது. ஆளாளுக்கு 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியைத் திறந்தார்கள். ரயிலுக்குள் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அது செல்போன் டவர்களை வைத்தே வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். நம் நாட்டில் பொதுப் போக்குவரத்துக்கு வந்த செயலிகளில் இதுதான் மிகச் சிறந்தது என்பேன். எளிமை, வேகம், பழைய போனிலும் ஓடும்.

ஆனாலும் அது சொல்வது எங்கே என்பதை மட்டும்தான். ஏன், இன்னும் எவ்வளவு நேரம் என்பது ரயில் கார்டுக்கும் டிரைவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும்தான் தெரியும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று எவ்வளவு அழகாக ஆரம்பிக்கிறார்கள்! அதற்குப் பிறகு "எதிர்வண்டி இன்னும் பத்து நிமிடத்தில் வரும், அதன் பின் கிளம்பும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதி எரிச்சல் அடங்கிவிடும். தாமதத்தைவிட, காரணம் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆளைக் களைப்பாக்குகிறது.

மதுரை ஸ்டேஷனில் இறங்கித் தங்குமிடத்துக்கு ஒரு செயலியில் டாக்ஸி போட்டேன். உடனே ஓட்டுநரிடமிருந்து போன்.

"எங்க சார் போகணும்?"

"செயலியிலயே இருக்கே அண்ணே. கே.கே. நகர்."

"கேஷா, ஆன்லைனா?"

"ஆன்லைன்."

இணைப்பு துண்டித்தது. வண்டியின் படம் வரைபடத்தில் அசையவே இல்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ரத்து செய்தேன். ரத்துக் கட்டணம் என்று முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

ஓட்டுநர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு டீசல் போடக் கையில் காசு வேண்டும். ஆன்லைன் பணம் அவருக்கு எப்போது, எவ்வளவு பிடித்தம் போகக் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் கையில். அந்தச் சண்டையை நிறுவனம் தீர்க்காமல், அவரையும் என்னையும் போனில் மோதவிட்டுத் தன் கமிஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என் கோபம் அதன்மேல்தான்.

ஞாயிறு, மதுரை

காலையில் மீனாட்சியம்மன் கோயில். கூட்டம் அதிகம், தரிசனம் நன்றாக அமைந்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மதியம் அந்த முப்பது ரூபாயை விடவில்லை. தொகை சின்னதுதான். ஆனால் தினமும் எத்தனை பேரிடம் இப்படிப் போகிறது? செயலியில் 'உதவி' என்ற இடத்தில் தொட்டால் ஐந்து கேள்விகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்த பதில் ஒன்று. "ஓட்டுநர் வர மறுத்தார்" என்று தேர்ந்தெடுத்தால் "வருந்துகிறோம், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பதில். அதற்கு அப்புறம் வழியே இல்லை. தொலைபேசி எண் எங்கும் இல்லை. அரட்டைப் பெட்டியில் எழுதினால் இயந்திரம் பேசுகிறது. மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினேன். மறுபடி அதே ஐந்து கேள்வி.

வாடிக்கையாளர் சேவை என்று நான் மதிப்பது ஒன்றைத்தான். சிக்கல் ஏற்பட்டபின், அதைத் தீர்க்கிற அதிகாரம் உள்ள ஒருவரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது? இனிமையான குரல், "அன்புள்ள வாடிக்கையாளரே", ஐந்து நட்சத்திரம் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். ரயில்வேயின் 139ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் தண்ணீர் இல்லை, யாரோ தகராறு செய்கிறார்கள், உடம்பு சரியில்லை, எதுவானாலும் ஒரே எண். தமிழிலும் பேசலாம். எத்தனையோ குறை சொல்லலாம், ஆனாலும் அந்த எண் டிக்கெட்டிலேயே இருக்கிறது, அழைத்தால் ஒருவரிடம் பேச முடிகிறது. கோடிக்கணக்கான பேரைச் சுமக்கிற ரயில்வேயால் ஒரு எண் தர முடிகிறது. போனில் பிறந்து போனிலேயே வாழ்கிற நிறுவனத்துக்குப் போன் எண் இல்லை.

1915ஐக் கூப்பிட்டேன். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்ததும் ஒரு பெண் எடுத்தார். எந்தத் தேதி, எவ்வளவு பிடித்தார்கள், ரத்து செய்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டார். நான் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, அவரே வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டார். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. தொகையின் அளவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

திங்கள், மதுரை – திருச்சி – கிளாம்பாக்கம்

மாட்டுத்தாவணியில் காலையிலேயே திருச்சி பஸ். கண்டக்டரின் கையில் டிக்கெட் மெஷின், அதன் திரையிலேயே க்யூஆர் குறியீடு. சில்லறைத் தகராறு பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. டிக்கெட்டின் பின்னால் பேனாவால் மீதியை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது நாம் நினைவுபடுத்த வேண்டியிருந்த அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். இறங்குகிற அவசரத்தில் எத்தனை பேரின் மீதி அப்படியே போயிருக்கும்! அந்தச் சின்னச் சண்டைகளை எல்லாம் யூபிஐ ஓசையில்லாமல் முடித்து வைத்துவிட்டது.

மேலூர் தாண்டி, துவரங்குறிச்சி வருவதற்குள் சிக்னல் வந்து வந்து போனது. எனக்கு முன்சீட்டில் ஒரு கல்லூரி மாணவன் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினான். அவன் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. மெஷினில் டிக்கெட் வரவில்லை.

"தம்பி, எனக்கு வரலப்பா."

"அண்ணே, எனக்குக் கழிஞ்சிருச்சு. இங்க பாருங்க."

கண்டக்டர் போனை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. ஆனால் மெஷினில் பணம் வந்தால்தான் டிக்கெட், டிக்கெட் இல்லாமல் ஆளை ஏற்றிப்போனால் செக்கிங்கில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "நான் நம்புறேன்பா, மெஷின் நம்பணுமே" என்றார். பையனிடம் வேறு காசு இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் ரொக்கமாகக் கொடுத்தார். சிக்னல் வந்ததும் பையன் அவருக்கு அனுப்பிவிட்டான்.

பஸ் நகர்ந்துகொண்டே இருந்தது, யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று தாம்பரம் வண்டியில் டிடிஆருக்கு இருந்த அதிகாரம் இந்தக் கண்டக்டருக்கு இல்லை. பணம் கழிந்ததைக் கண்ணால் பார்த்த ஊழியர் "தொகை நிலுவை" என்று ஒரு டிக்கெட் அடித்துக்கொடுக்க மெஷினில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். பணம் வந்தால் சரி, வராவிட்டால் அந்த எண்ணைப் பிடித்து வசூலித்துக்கொள்ளலாம். தன் சட்டைப் பையைப் பற்றிப் பயப்படாமல் அவர் அந்தப் பொத்தானை அழுத்த முடிய வேண்டும்.

பையனிடம் ஒரு விஷயம் சொன்னேன், நிறையப் பேருக்குத் தெரியாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். யூபிஐயில் கடைக்கோ பஸ்ஸுக்கோ அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் உறுதியாகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2019லேயே ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. பையன் தேதியைப் போனில் குறித்துக்கொண்டான்.

திருச்சியில் பஞ்சப்பூர் புது பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டி. அப்புறம் இரவில் கிளாம்பாக்கம். இரண்டும் பெரிய கட்டடங்கள். சுத்தமாக இருக்கின்றன, உட்கார இடம் இருக்கிறது. ஊருக்கு வெளியே தள்ளிப் போனதில் எனக்கும் குறை உண்டு. ஆனால் கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த புதிதில் இருந்த குழப்பம் இப்போது இல்லை. எந்த ஊர் பஸ் எந்த நடைமேடை என்று பலகை இருக்கிறது. அதைவிட, டைம் கீப்பர்களிடம் கேட்டால் பதில் வருகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கும்பகோணம் பஸ் எங்கே என்று கேட்டதற்கு, ஒருவர் மேசையை விட்டு எழுந்து வந்து கை நீட்டிக் காட்டினார்.

வீட்டுக்குப் போகிற மாநகர பஸ்ஸில் உட்கார்ந்தபோது போனில் செய்தி. டாக்ஸி நிறுவனம் முப்பது ரூபாயைத் திருப்பிப் போட்டிருந்தது. கூடவே "உங்கள் சிக்கல் தீர்ந்தது, எங்களை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரம். ஏன் பிடித்தார்கள், இனி யாரிடமும் இப்படிப் பிடிக்க மாட்டார்களா, அந்த ஓட்டுநருக்குப் பணம் எப்போது போகும், எதற்கும் பதில் இல்லை. புகாரை முடித்துக்கொள்ளலாமா என்று 1915லிருந்து கேட்டிருந்தார்கள். வேண்டாம், எழுத்தில் காரணம் வரட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.